துருசுக் கசிவும் ஆறு கிழமைக் கணக்கும்

திருகோணமலை
ஆடி 20

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதும், ஊரில் உன்னைக் கமக்காரர் அமைப்புச் செயலாளராகத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்பதும் ஒரே கடிதத்தில் வந்தது பெரிய சந்தோசம். இங்கே கச்சான் காற்று இன்னும் விடவில்லை. கிணறுகளில் கயிறு நீண்டுகொண்டே போகிறது.

குளத்துத் துருசில் (தண்ணீர் திறந்துவிடும் மதகில்) கசிவு என்று மாசியில் மனுக் கொடுத்தோம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் (டி.ஓ.) வந்து அளந்துகொண்டு போனார், ஆடி முடியப்போகிறது, ஒரு மண்வெட்டிகூட விழவில்லை, கந்தோரில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. போனில் சொன்னால் பாதி காற்றோடு போகும். கூட்டத்தில் வாசித்துக் காட்டவும் உதவும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குளம் யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள். கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) நான்கு திணைக்களங்களுக்கும் பிரதி போட்டு அனுப்பியதாக எழுதியிருக்கிறாய். அப்படி அனுப்பினால் ஒவ்வொரு கந்தோரும் மற்றதைப் பார்க்கும். 200 ஏக்கர், அதாவது 80 ஹெக்டேயர் வரை பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனம். அந்த நீர்ப்பாசனமும் இரண்டு. 1987இல் மாகாணசபை வந்த பிறகு, ஒரு மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் ஆறுகளின் குளங்கள் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போயின. மகாவலிபோல் பல மாகாணங்களைத் தொட்டு வரும் நீரில் தங்கியிருக்கும் திட்டங்கள் மத்திய திணைக்களத்திடமே இருக்கின்றன. 1900இல் தொடங்கிய பழைய திணைக்களம் அது. கந்தளாய்க் குளம் அதனுடையது. உங்கள் குளத்தின் கீழ் 260 ஏக்கர், தண்ணீர் வருவது பக்கத்துக் காட்டாற்றில். ஆகவே உங்கள் இடம் மாகாணத் திணைக்களம். அடுத்த ஊரின் 90 ஏக்கர்க் குளத்துக்காரர் உன்னைப் பார்த்து மனு எழுதினால் அவர்களைக் கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பு.

அங்கே உள்ள ஏணி இது: குளத்தடியில் வேலை மேற்பார்வையாளர், அவருக்கு மேல் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பிறகு பிரிவுக்குப் பொறுப்பான பொறியியலாளர், அதற்கு மேல் பிரதிப் பணிப்பாளர், பணிப்பாளர். பக்கவாட்டில் கணக்குக் கிளை. விலைமனுக்களைப் பார்ப்பது பெறுகைக் குழு. உன் காரியம் நகர்வதும் நிற்பதும் பெரும்பாலும் டி.ஓ. மேசையில். மட்டம் பார்ப்பது, குறுக்குவெட்டு வரைவது, மதிப்பீடு தயாரிப்பது, வேலைத்தலத்தில் நிற்பது, அளவுப் புத்தகம் எழுதுவது எல்லாம் அவர். ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு குளம் இருந்தால், எந்த இடத்தில் என்ன பழுது என்று தெளிவாக எழுதிய மனுவைத்தான் அவர் முதலில் எடுப்பார். "துருசு பழுது, உடன் திருத்தித் தரவும்" என்ற மனுவை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இனித் தாமதத்துக்கு வருகிறேன். குளத்துக் கசிவு நிறைந்த குளத்தில்தான் கண்ணுக்குத் தெரியும், அதன் காரணம் வற்றிய குளத்தில்தான் தெரியும். மார்கழி, தையில் குளம் நிறைந்து வான் (மிகைநீர் வழியும் இடம்) பாயும்போது குளக்கட்டின் வெளிப்புற அடியில் ஈரம் காண்கிறீர்கள். உடனே மனு. மாசியில் டி.ஓ. வந்தால் துருசு வாய் பத்தடி தண்ணீருக்குள் கிடக்கிறது. குழாய் வெடித்ததா, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் வழி விட்டதா, கதவு சரியாக இருக்கவில்லையா என்று அவரால் அன்று சொல்ல முடியாது. மேலே தெரிவதை மட்டும் அளந்து ஊகத்தில் மதிப்பீடு போட்டால், வேலை தொடங்கித் தோண்டும் அன்று வேறு பழுது வெளிவரும். அதற்குக் காசு இல்லை. மேலதிக வேலைக்குத் திரும்ப அனுமதி கேட்டு கோப்பு மேலே போகும். அது வருவதற்குள் மழை வந்துவிடும். அரைகுறையாக நின்ற திருத்தங்களில் நிறையவற்றுக்கு இந்த ஊகம்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது நாட்கணக்கு. சிறுபோக அறுவடை முடிந்து குளம் அடியோடு இறங்குவது ஆவணி நடுவில். ஐப்பசி நடுவில் மழை பிடிக்கும். நம்பி வேலை செய்யக்கூடியது ஆறு கிழமை, நல்ல வருடமானால் எட்டு. அதற்குள் குளக்கட்டை வெட்டித் திறந்து தண்ணீர் இறைக்க ஒரு கிழமை வேண்டும். பழையதை உடைத்து, அத்திவாரம், கம்பி, கொங்கிரீட் என்று இரண்டு மூன்று கிழமை. போட்ட கொங்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் நனைத்து வைக்க வேண்டும். அதன் முழு வலிமையைக் கணக்கெடுப்பது 28ஆம் நாளில். பிறகு வெட்டிய கட்டை அடுக்கடுக்காக நிரப்பி இறுக்க இன்னும் இரண்டு கிழமை. ஆவணி நடுவில் ஒப்பந்தகாரர் இயந்திரத்தோடு நிற்க வேண்டுமென்றால் ஆடியில் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அதற்கு ஆனிக்குள் விலைமனு திறந்து ஆராய வேண்டும். அதற்கு முன் சித்திரை, வைகாசியில் மதிப்பீடு அங்கீகாரமாகி நிதி ஒதுங்கியிருக்க வேண்டும். அரச நிதியாண்டோ தை முதல் மார்கழி வரை. ஒதுக்கீடு கையில் வந்து சேரும் நேரமும் குளம் வற்றும் நேரமும் பொருந்துவது அரிது. காசு புரட்டாசியில் வந்தால் ஒப்பந்தகாரர் ஐப்பசியில் கட்டைத் திறப்பார். அப்படித் திறப்பதைவிட அந்த ஆண்டு தொடாமல் விடுவது பாதுகாப்பு. அரைகுறையாக வெட்டிய கட்டில் ஒரே இரவு மழை போதும்.

ஆகவே, மச்சான், இந்த ஆண்டு பெரிய திருத்தம் நடக்கும் என்று எதிர்பார்க்காதே, வற்புறுத்தவும் வேண்டாம். இந்த வற்றலை அளப்பதற்குப் பயன்படுத்து. அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலைத் திணைக்களங்கள் ஆண்டின் நடுவிலேயே சேர்க்கத் தொடங்கிவிடும். அதில் உங்கள் குளம் பெயரோடும் அளவோடும் ஏற வேண்டும்.

குளம் இறங்கியதும் துருசு வாயடிக்குப் போ. கதவைத் தூக்கும் திருகுதண்டு வளைந்திருக்கிறதா, மரை துரு தின்றிருக்கிறதா என்று பார். தண்ணீர் அவசரத்தில் ஆட்கள் கம்பி போட்டுத் திருகுவதால்தான் தண்டு வளைகிறது. போகத்துக்கு ஒரு தடவை கிறீஸ் பூசினாலே பாதிப் பழுது வராது. கதவு சரியாக இருக்க வேண்டிய காடியில் கல், தடி சிக்கியிருக்கும், அதையும் துப்புரவாக்கு. குழாயின் உள்ளே டோர்ச் அடித்துப் பார். மூட்டு விலகியிருந்தால் மண் உள்ளே ஒழுகிய தடம் தெரியும். வாயைச் சுற்றி மண் உள்வாங்கிக் குழியாகியிருந்தால் அதுதான் முக்கிய செய்தி. குழாயின் வெளிப்பக்கம் நீர் வழி தேடுகிறது என்று அர்த்தம்.

அப்படி வழி விடுவதற்குக் காரணம் அனேகமாகக் கட்டியபோது நடந்த பிழை. கட்டின் மற்ற இடத்தில் ரோலர் ஓடும், குழாயை ஒட்டிய இடத்தில் ஓடாது. அங்கே மூன்று நான்கு அங்குலமாக மண் போட்டுக் கையால் இடிக்க வேண்டும். நேரமில்லை என்று பக்கோ இயந்திரத்தால் அள்ளிக் கொட்டி மேலே தட்டிவிடுவார்கள். பார்வைக்குக் கட்டு அழகாக இருக்கும். முதல் நிறைவில் மண் அமர்ந்து, குழாயோரம் விரல் நுழையும் இடைவெளி விடும். அடுத்த ஆண்டு வேலை நடக்கும்போது உங்கள் ஆட்கள் இருவர் அந்த இடத்தில் தினமும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற நிரப்பலுக்கு 9 அங்குலம் தளர்வாகப் பரப்பி 6 அங்குலத்துக்கு இறுக்குவது வழக்கம். ஆய்வுகூடத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 வீதம் கேட்பார்கள். அதற்கு மண்ணின் ஈரம் சரியாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கை நனையக் கூடாது. கச்சான் காலத்தில் மண் தூளாக வரும், தண்ணீர் பவுசர் இல்லாமல் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது. பழைய சரிவில் புது மண்ணை அப்படியே சாய்த்துப் போடவும் விடாதே. புல், வேர் உள்ள மேல்மண்ணை அரையடி வழித்து, படிபடியாக வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். 100 கியூப் இறுகிய கட்டுக்கு 125 கியூப்புக்கு மேல் தளர்மண் தேவைப்படும், லொறி எண்ணும்போது நினைவில் வை. கட்டின் அடியை ஒட்டி மண் வெட்ட விடவே விடாதே. கசிவுக்கு அது புது வாசல்.

மனுவுக்குத் தேவையானவை: அமைப்பின் பெயர், கிராம சேவகர் பிரிவு, ஏக்கர், குடும்பங்களின் தொகை, கசிவு துருசிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை அடியில் என்பது, அன்றைய குள அளவுகோல் மட்டம், ஓர் ஆள் நிற்கும் படம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கசிவின் அளவு. 20 லீற்றர் வாளியை அடியில் வைத்து நிறைய எத்தனை செக்கன் என்று பார். 10 செக்கன் என்றால் செக்கனுக்கு 2 லீற்றர். ஒரு நாளைக்கு 1,72,800 லீற்றர், ஏறத்தாழ 0.14 ஏக்கரடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கரடி). நூறு நாளில் 14 ஏக்கரடி. சிறுபோகத்தில் மூன்று நான்கு ஏக்கருக்குப் பாயும் தண்ணீர் அது. இப்படி எழுதிய மனுவை எந்தப் பொறியியலாளரும் ஒதுக்க மாட்டார்.

வருகிற மாரியிலும் கிழமைக்கு ஒரு முறை அதையே அளந்து, குள மட்டத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மட்டம் உயரக் கசிவு கூடுவது இயல்பு. அதே மட்டத்தில் போன மாதத்தைவிடக் கூடினால் உள்ளே மண் அரிக்கிறது. நிறம் அதைவிட முக்கியம். தெளிந்த நீர் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலங்கல் வந்தால் அன்றே பொறியியலாளருக்குச் சொல்லி, துருசையும் மற்ற வழிகளையும் திறந்து மட்டத்தை இறக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளிப்பக்க ஓட்டையைக் களிமண்ணாலும் பொலித்தீனாலும் அடைப்பதுதான் ஊரில் முதலில் தோன்றும் யோசனை. அடைத்தால் நீர் உள்ளே நெருக்கி வேறிடத்தில் பிளக்கும். அந்த ஓட்டையின் மேல் பருமணல், பிறகு சிறு சல்லி, பிறகு முக்கால் அங்குலச் சல்லி என்று அடுக்கிப் போட வேண்டும். நீர் வரும், மண் வராது. சுற்றி மணல் மூட்டை வளையம் கட்டி நீர் தேங்க விட்டால் அரிப்பின் வேகமும் குறையும். ஒரு லொறி மணலும் ஒரு லொறி சல்லியும் இருநூறு வெற்றுப் பையும் ஐப்பசிக்கு முன்னே கட்டடியில் இருக்கட்டும். மழைக்குள் லொறி வராது.

மழைக்காலம் போனால் பயமில்லை என்று உங்கள் ஆட்கள் நினைக்கக் கூடாது. கந்தளாய்க் கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20, விடிவதற்கு முன். சித்திரை மாதம் அது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சிறுபோகத்துக்காக நிறைத்து வைத்த குளம் நம்முடையவையும்தான்.

கட்டில் நிற்கும் மரங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். சிறு செடிகளைப் பிடுங்குங்கள். பெரிய மருதைத் திணைக்களத்தைக் கேட்காமல் தறிக்க வேண்டாம். அடிமரம் தறித்து வேரை விட்டால், நாலைந்து வருடத்தில் வேர் உக்கி அதே நீளத்துக்குக் குழாய் விட்டதுபோல் ஆகும். தறித்தால் வேரையும் தோண்டி எடுத்து இறுக்கி நிரப்ப வேண்டும். கறையான் புற்றும் அப்படியே, மேலே தட்டிவிட்டால் போதாது.

வேலை நடக்கும்போதும் முடிந்தபின்னும் பார்க்க வேண்டியவை சில. புதைந்து மறையும் வேலைகளை, அதாவது அத்திவாரம், கம்பி, குழாயோர நிரப்பல் ஆகியவற்றை மூடுவதற்கு முன் அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அப்போது அமைப்பிலிருந்து ஒருவர் நிற்கலாம், தடையில்லை. ஒப்பந்தகாரரின் பில்லில் ஒரு பங்கை ரிட்டென்ஷன் என்று பிடித்து வைப்பார்கள், குறை தீர்க்கும் காலம் வழக்கமாக ஓராண்டு. புரட்டாசியில் முடிந்த வேலை தையில் குளம் நிறையும்போதுதான் பரீட்சைக்கு வரும். அப்போது பார்த்த குறைகளை மாசிக்குள் எழுத்தில் கொடுத்துவிடு. அந்தக் காசு கைமாறிய பிறகு கேட்டால் புது மதிப்பீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அறுவடை முடிந்து தண்ணீர் வாயடிக்கு இறங்கியதும் ஒரு சொல் அனுப்பு. மட்டம் பார்க்கும் கருவி ஒன்று இரவல் எடுக்க இங்கே வழி இருக்கிறது. துருசு மேடைக் கல்லில் ஒரு புள்ளி குறித்து, குளக்கட்டின் மட்டத்தை 100 அடிக்கு ஒரு தடவை பார்த்தால் ஒரு பகலில் முடியும். குடை பிடிக்க ஒருவரும் மட்டக்கோல் பிடிக்க ஒருவரும் நீ ஒழுங்கு செய்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்