மழைக்கும் கிணற்றுக்கும் நடுவே உள்ள மண்ணையும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது, கண்காணிப்புக் கிணறுகளில் எத்தனை மீட்டர் நீர் ஏறியது என்ற இரண்டு கணக்குகளும் அதில் இருந்தன. இவ்விரண்டுக்கும் நடுவே, துளைகளில் காற்றும் ஈரமும் கலந்து நிற்கும் மண்ணின் வழியாக எவ்வளவு நீர் இறங்குகிறது என்பதை நாம் நேரடியாக அளப்பது மிக அரிது. மானாவாரிச் சாகுபடி செய்பவன் என்ற முறையிலும், நிலத்தடி நீர்ப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும் இது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

நேரடியாக அளக்காத இடத்தில் அட்டவணையே துணை. மத்திய அரசின் 1997ஆம் ஆண்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டு வரைமுறை, சிதைந்த கருங்கல் பாறைப் பகுதியில் களிமண் குறைவாக இருந்தால் மழையில் 11 சதவீதமும், மிகுந்திருந்தால் 8 சதவீதமும் நிலத்தடி நீரைச் சேர்வதாகக் கொள்ளச் சொன்னது. 2015இல் பாறை வகைகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். ஆனாலும் அட்டவணை அட்டவணைதான். மழையால் சேரும் நீரை மட்டும் வைத்துப் பார்த்தால், 11 என்ற கணக்கில், சேரும் நீரில் 69 சதவீதத்தை எடுப்பதாகக் கொண்டு ‘பாதுகாப்பான’ பிரிவில் இருக்கும் ஒரு பிர்க்கா (குறுவட்டம்), 8 என்று மாற்றினால் ஏறத்தாழ 95 சதவீதத்துக்குத் தாவி, நெருக்கடிப் பிரிவில் போய் விழும். கிணற்று நீர்மட்ட ஏற்றத்தைக் கொண்டு கணக்கிடும் வழியிலும் இதே சிக்கல் உண்டு. சிதைந்த பாறையிலிருந்து வடியக்கூடிய நீரின் அளவை அதன் கன அளவில் 3 சதவீதம் என்று கொள்வதா 1.5 சதவீதம் என்று கொள்வதா என்பதைப் பொறுத்து விடை இரட்டிப்பாகிவிடும்.

நேரடியாக அளக்க வழியில்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனைக் கொண்டு நாட்டின் பல வடிநிலங்களில் இந்த ஆய்வைச் செய்திருக்கிறது. நம் நொய்யல் வடிநிலமும் அவற்றில் ஒன்று. பருவமழைக்கு முன் வேர்கள் பெரிதும் எட்டாத ஆழத்துக்கு மெல்லிய துளையிட்டு, டிரிட்டியம் கலந்த நீரைச் சில மில்லிலிட்டர் செலுத்தி மூடிவிடுவார்கள். மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் துரப்பணத்தால் மண்ணைச் சாண் சாணாக எடுத்து, ஒவ்வொன்றின் ஈரத்தையும் எடை போட்டுப் பார்த்து, அந்த ஈரத்தை வடித்தெடுத்து டிரிட்டியம் எங்கே மிகுந்திருக்கிறது என்று கண்டறிவார்கள். அது 80 செ.மீ. இறங்கியிருந்து, இடைப்பட்ட மண்ணின் கன அளவில் 12 சதவீதம் ஈரமாக இருந்தால், அந்தப் பருவத்தில் 96 மி.மீ. நீர் கீழே சென்றிருக்கிறது என்று பொருள். புது மழை பழைய ஈரத்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது என்பதே இம்முறையின் அடிப்படை. ஆகவே, இவ்வாண்டு மழைதான் கிணற்றில் ஏறியிருக்கிறது என்று நாம் மகிழும்போது, பல இடங்களில் உண்மையில் வந்து சேர்ந்திருப்பது முந்தைய ஆண்டுகளின் மழையாகவும் இருக்கலாம்.

கரிசலில் இந்த அடிப்படை அப்படியே செல்லாது. கோடையில் முழங்கை வரை கைவிடக்கூடிய வெடிப்புகள் விழுந்த நிலத்தில், முதல் கனமழை மேல்மண்ணை நனைப்பதற்கு முன்பே வெடிப்பின் வழியே அடியில் போய்விடுகிறது. மண் ஊறி உப்பி வெடிப்பு மூடிய பிறகோ, அடுத்த மழை வயலிலேயே தேங்கி நிற்கிறது. குறுக்குவழியில் இறங்கிய நீரை டிரிட்டியத்தின் நகர்வு காட்டாது என்பதால், அங்கே அளவு குறைத்தே கிடைக்கும். செம்மண் நிலத்தையும் கரிசலையும் ஒரே கருவியால், ஒரே விகிதத்தால் மதிப்பிடுவது தவறு என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மண் தன் ஈரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று காட்டும், நீர் நிரப்பிய குழாயில் நுண்துளைப் பீங்கான் முனை கொண்ட ஈர இழுவிசைமானியை இரு ஆழங்களில் நட்டுவைத்தால், ஈரம் மேலே ஆவியாகப் போகிறதா கீழே இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் மண் நன்றாகக் காய்ந்ததும் குழாய்க்குள் காற்று புகுந்து கருவி நின்றுவிடும். நம் கோடைக்கு மின்னணு ஈரமானிகளே பொருந்தும்.

மாவட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ கண்காணிப்புக் கிணறுகளின் அருகில், செம்மண்ணிலும் கரிசலிலும் தனித்தனியாக, வேர் மண்டலத்துக்குக் கீழே வரை பல ஆழங்களில் ஈரமானிகளைப் பதித்து, மூன்று நான்கு பருவமழைகளுக்கேனும் தொடர்ந்து அளக்க வேண்டும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற, மானாவாரி மண்ணை நெடுங்காலமாக அறிந்த இடங்களில் இதைத் தொடங்கலாம். கிடைக்கும் அளவுகளை நீர்மட்ட விவரங்களோடு சேர்த்தே அரசு வெளியிட வேண்டும். அடுத்த பிர்க்கா வகைப்பாட்டில் எந்த ஊருக்கு எந்த விகிதம் எதனால் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் அத்துடன் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை