சுத்திகரிச்ச கழிவுநீர போரூர் ஏரியில விடுறதுக்கு முன்னாடி எங்ககிட்டயும் பேசுங்க: சென்னை மெட்ரோ வாட்டருக்கு ஒரு திறந்த மடல்

மெட்ரோ வாட்டர் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கழிவுநீர சுத்திகரிச்சு திரும்பப் பயன்படுத்துறத எதிர்த்து நான் எழுதல, மொதல்லயே சொல்லிடுறேன். 2019-ல நாலு ஏரியும் வறண்டு ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்த ஊரு இது, இங்க ஒரு தடவ யூஸ் பண்ண தண்ணிய கூவத்துல விடுறதுதான் அநியாயம். அதே வருஷம் கொடுங்கையூர், கோயம்பேடு ரெண்டு எடத்துலயும் தலா 45 எம்எல்டி, அதாவது நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர், ஆர்ஓ வரைக்கும் போய் சுத்தம் பண்ற பிளான்ட் தொறந்தீங்க, மணலி, ஒரகடம் கம்பெனிங்களுக்குப் போற அந்தத் தண்ணியால அவ்வளவு நல்ல தண்ணி நமக்கு மிச்சம், பாராட்டத்தான் வேணும்.

ஆனா கம்பெனி பாய்லருக்குக் குடுக்குறது வேற, நெசப்பாக்கம் பிளான்ட்ல சுத்திகரிச்ச கழிவுநீர போரூர் ஏரியில விட்டு அதையே குடிதண்ணியா எடுக்குற உங்க திட்டம் வேற. முடியாதுன்னு சொல்ல வரல, நமீபியாவுல விண்ட்ஹோக்காரங்க 1968-லேருந்து குடிக்குறாங்க. ஜனங்க நம்பணும்ல? ஆஸ்திரேலியாவுல டூவூம்பான்னு ஒரு ஊரு, 2006-ல வறட்சி கழுத்த நெரிக்குறப்பவே ஓட்டெடுப்புல 60 சதவீதத்துக்கு மேல வேணாம்னுட்டாங்க. சிங்கப்பூர்ல 2002 தேசிய தினத்துல பிரதமரும் கூட்டமும் சேந்து குடிச்சுக் காட்டிட்டு, அடுத்த வருஷம்தான் சப்ளையே ஆரம்பிச்சாங்க.

இங்க ஜனங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அபார்ட்மென்ட்ல கழிவுநீர சுத்திகரிக்குற எஸ்டிபிதான், அந்தத் தண்ணி ஃப்ளஷ்ல வந்தாலே மூக்கப் பொத்துறோம் (எங்க பிளாக்ல கரன்ட் பில்லுக்குப் பயந்து, கழிவுநீருக்குள்ள காத்து ஊதுற ப்ளோயர ராத்திரி ஆஃப் பண்ணிடுவாங்க, அது தனிக் கத).

ஏரி மட்டத்த தினமும் வெப்சைட்ல போடுறீங்கல்ல, அதுக்குப் பக்கத்துலயே பிளான்ட்ல இருந்து வெளிய வர்ற தண்ணியில அமோனியா எவ்வளவு, ஈ கோலைங்குற மலக் கிருமி இருக்கா இல்லையான்னு போடுங்க, நல்லா வந்த நாளு மட்டும் இல்ல, மோசமா வந்த நாளும். பிளான்ட் பழுதானா ஏரிக்குப் போற வால்வ யாரு மூடுவாங்க, எவ்வளவு நேரத்துல, அதுவும் தெரியணும்.

மீட்டர் விஷயமும் இருக்கு, முக்காவாசி வீட்டுக்கு மீட்டர் இல்லாம மாசம் ஒரே ரேட்டு, சம்ப் நெறஞ்சு ரோட்டுல ஓடுனாலும் பில்லு மாறாது, அப்புறம் யாரு மிச்சம் புடிப்பா?

போரூர்ல ஒரு ஞாயித்துக்கெழம கூட்டம் போடுங்க, ஏரியில விடுறதுக்கு முன்னாடி. பெரிய அதிகாரிங்களோட பிளான்ட் ஆபரேட்டரையும் கூட்டிட்டு வாங்க, பாதி கேள்வி அவர்கிட்டதான் கேக்கணும்.