கண்ணில் மூலிகைச் சாறு விடச் சொல்லி வீடியோ போடுகிறவர்களுக்கு

வணக்கம்.

போன தை மாத அறுப்பில் அப்பாவின் வலது கண்ணில் நெல் சுணை பட்டது. உறுத்தல்தானே என்று விட்டவர், மறுநாள் கண் சிவந்து நீர் வடியவும், செல்போனில் பார்த்த ஒரு வீடியோவில் சொன்னபடி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டுக்கொண்டார், காலையும் மாலையும், ஐந்து நாள். ஆறாம் நாள் நான் ஊருக்குப் போனபோது கருவிழியில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. பூஞ்சைப் புண். சொட்டு மருந்து விட்டு விட்டுப் புண் ஆற மாதக்கணக்கானது, ஆனால் அந்த இடத்தில் தழும்பாகப் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது.

சாறுதான் பூஞ்சையைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, நெல்லோடேயே வந்திருக்கலாம். அந்த ஐந்து நாள் வீணானதுதான் என் ஆற்றாமை. மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து 1997இல் வெளியான ஆய்வில், கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சை. வயல் வேலை செய்கிற ஊரில் இது அபூர்வமான நோய் இல்லை.

மஞ்சளும் மற்ற மூலிகைகளும் கருவிழித் தழும்பைப் போக்கும், ஆராய்ச்சியே சொல்கிறது என்கிறீர்கள். சரி, அந்த ஆராய்ச்சிக்கே வருவோம். கருவிழி என்பது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற படலம், அரை மில்லிமீட்டர் கனம்தான், அதில் ரத்தக்குழாய் கிடையாது, கொலாஜன் என்ற புரத இழைகள் பாவு நூல் மாதிரி சீரான இடைவெளியில் அடுக்கியிருப்பதால்தான் ஒளி தடையில்லாமல் உள்ளே போகிறது. காயம் பட்டால் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் சமிக்ஞை கொடுக்க, அந்த இழைகளுக்கு நடுவே சும்மா கிடந்த செல்கள் மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற, சுருங்கி இழுக்கிற செல்களாக மாறிக் காயத்தை இழுத்து மூடுகின்றன, அவசரத்தில் கொலாஜனைத் தாறுமாறாகப் போட்டு நிரப்புகின்றன. ஒளி அங்கே சிதறுகிறது. நாம் பூ என்று சொல்வது அதைத்தான். வெங்காயத்தில் இருக்கிற குவெர்செட்டின், சீன மூலிகை ஒன்றின் சத்திலிருந்து உருவாக்கிய ஹாலோஃபுஜினோன் போன்றவை இந்த மாற்றத்தை மட்டுப்படுத்துவதை ஆய்வகத்தில் வளர்த்த கருவிழி செல்களில் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற சத்தையும் ஆராய்கிறார்கள். படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, அப்பா மாதிரி ஆட்களுக்கு என்றாவது ஒரு மருந்து வரலாம் இல்லையா.

ஆனால் அந்த ஆய்வகக் கிண்ணத்தில் பூஞ்சை இல்லை, வயல் தூசி இல்லை. சுத்தமாகப் பிரித்தெடுத்த பொருளை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து விடுகிறார்கள். குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, அப்படியிருக்க மஞ்சள் தண்ணீரில் கண்ணுக்குள் போவது என்ன?

எனக்கு மூலிகை மேல் பகை கிடையாது. அப்பாவின் வலி குறைய டாக்டர் கொடுத்த அட்ரோபின் சொட்டு மருந்தே பெல்லடோனா செடியிலிருந்து வந்ததுதான், நம் ஊமத்தையிலும் அது உண்டு. அதை ஒரு சதவீதமாக அளந்து, கிருமி நீக்கி, குப்பியில் அடைத்துத் தருகிறார்கள். அதே வேலியோரத்து எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய வலிகூட இல்லாமல் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். செடி என்பதாலேயே எதுவும் கண்ணுக்குச் சாது ஆகிவிடாது.

இனி வீடியோ போட்டால், கண்ணில் நெல்லோ தூசியோ பட்டுச் சிவந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். அப்புறம், அப்பா பார்த்த அந்த வீடியோ இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.