கால் மடங்கிப் பிறந்த குட்டியைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தாயை இழந்த ஆட்டுக்குட்டியையும், முன்னங்கால் மடங்கிப் பிறந்த குட்டியையும் பார்த்தவர்கள் எல்லாரும் ‘இவை தேறாது’ என்று சொல்வதாகப் போனில் கலங்கினாய். இரண்டும் தேறும் என்றே நான் நம்புகிறேன். போனில் சொன்னதில் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன், மாப்பிள்ளையும் படிக்கட்டும். இங்கிருந்து நீ ஏற்றிப்போன கன்னி இன ஆடுகள் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், சில சமயம் மூன்றும் போடும். மடியில் காம்பு இரண்டுதான் என்பதால் நோஞ்சான் குட்டி ஒதுக்கப்படுவது இனியும் நடக்கும்.

இனி ஈனப்போகும் ஆடுகளுக்காக ஒன்றை மனத்தில் வை. ஒதுக்கப்பட்ட குட்டியைக் கண்டதும் பாலைத் தேடி ஓடாமல், முதலில் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார். நல்ல குட்டியின் உடல் வெப்பம் 102 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். வாய் சில்லிட்டிருந்தால் அதற்கு விழுங்கவும் செரிக்கவும் தெம்பில்லை, புகட்டிய பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். ஈரம் போகத் துடைத்து, சாக்கு விரித்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை இருபுறமும் அணைத்து, வாய் சூடான பிறகே சீம்பால் கொடு. நோயை எதிர்க்கும் சத்து கருவில் இருக்கும்போது குட்டிக்கு வருவதில்லை, சீம்பால் வழியாகவே வருகிறது. அதைக் குடல் உறிஞ்சும் திறனும் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது நான்கைந்து வேளையாகப் போய்ச் சேர வேண்டும். நிறையப் பால் சுரக்கும் ஆட்டின் சீம்பாலைக் கொஞ்சம் உறையவைத்துக்கொள். அதை அடுப்பில் கொதிக்கவைத்தால் திரிந்துவிடும், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி இளக்க வேண்டும்.

புட்டிப்பால் கொடுக்கும்போது கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாத்தாதே. குட்டி நின்றபடி, தாய்மடியை முட்டும் வாக்கில் கழுத்தை நீட்டிக் குடித்தால்தான் பால் நேராக, ஆட்டின் நான்கு அறை வயிற்றில் பாலைச் செரிக்கும் நான்காம் அறைக்குப் போகும். கால் மடங்கிய குட்டியை நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்து நிறுத்திக்கொள்.

அந்தக் காலை மெல்ல நீவி நிமிர்த்திப் பார். கையோடு நிமிர்ந்து வந்தால் சுருங்கியிருப்பது தசைநாண்தான், கவலை வேண்டாம். அம்மா செய்வது இதுதான்: மெல்லிய பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, காலைச் சுற்றிப் பஞ்சு வைத்து, பின்பக்கம் குழாயை அணைத்து, சுருள் துணியால் சுற்றுவாள். நாள்தோறும் பிரித்துப் பார்க்கவேண்டும். குளம்பு சில்லிட்டோ மேலே வீங்கியோ இருந்தால் கட்டு இறுக்கம் என்று பொருள். நீவிவிட்டு, சற்று நடக்கவிட்டு, மறுபடி கட்டு. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நிமிர்ந்துவிடும். மூட்டு அசையவே மறுத்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போ. குடித்த பால் மூக்கு வழியே வழியும் குட்டி எப்போதாவது பிறந்தால் அண்ணம் பிளந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். பிளந்திருந்தால் அவர் சொல்வதைக் கேள், அதைப் பட்டினியோடு நாள் கடத்தவிடுவது அன்பாகாது.

இரண்டையும் வீட்டுக்குள் வளர்க்காதே என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே குடாப்பில், அதாவது குட்டிகளை அடைக்கும் கூடையில், சேர்த்து அடைத்து, அந்தக் குடாப்பைக் கொட்டிலுக்குள்ளேயே மற்ற ஆடுகளின் மணமும் சத்தமும் எட்டும் இடத்தில் வை. இரண்டாம் வாரத்திலிருந்து இளம் அகத்திக் குழையை எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், மற்றவை கடிப்பதைப் பார்த்துத் தாமும் கடிக்கும்; அசைபோடும் வயிறு அப்படித்தான் வளரும். கிடாய்க்குட்டி செல்லமாக முட்டினால் கையைக் கொடுத்து விளையாடாதே, வளர்ந்த பிறகும் அது ஆளை முட்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி போட்டுவிடு.

பஞ்சும் சுருள் துணியும் அம்மா பார்சலில் அனுப்பியிருக்கிறாள். அதை வைத்துக் கட்டிய மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் இரண்டு கால்களையும் படமெடுத்து அனுப்பு. அவள் பார்த்துச் சொல்வாள்.

அன்புடன்,
அப்பா