அபிகேல் ஆடம்ஸ் எழுதிய உயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆடம்ஸைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தொடக்ககால அதிபர்களைப் பற்றித் தமிழில் வருவதே குறைவு. அவர்களுடைய மனைவியரைப் பற்றி வருவது அதிலும் குறைவு என்பதால், முதலில் கட்டுரையாளருக்கு என் பாராட்டுகள். ஆனால், "ஒவ்வோர் ஆணின் வெற்றிக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறாள்" என்ற பழகிப்போன வாக்கியத்தில் தொடங்கி அதிலேயே கட்டுரை முடிந்துவிட்டது எனக்குக் குறையாகப் படுகிறது. அபிகேல் கணவருக்குப் பின்னால் நின்றவர் அல்லர்; பத்தாண்டுகளுக்கு மேல் கணவர் பெரும்பாலும் ஊரிலேயே இல்லை. பிலடெல்பியாவிலும் பாரிஸிலும் ஹாலந்திலும் அவர் அரசியலும் தூதும் செய்துகொண்டிருந்த காலத்தில், மாசசூசெட்ஸின் பிரைன்ட்ரீயில் இருந்த பண்ணையையும் பிள்ளைகளையும் குடும்பத்தின் பணத்தையும் நடத்தியவர் இந்த அம்மையார்தான்.

கட்டுரையாளர் பெரிதும் போற்றியிருக்கும் 1776 மார்ச் 31ஆம் தேதிக் கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். "பெண்களை நினைவில் வையுங்கள்" என்று அதில் அபிகேல் எழுதியதைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட முதல் குரல் என்று கட்டுரை சொல்கிறது. அக்கடிதத்தில் வாக்குரிமை என்ற பேச்சே இல்லை. புதிய நாட்டுக்குச் சட்டம் இயற்றும்போது கணவர்களின் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், முடிந்தால் எல்லா ஆண்களும் கொடுங்கோலர்களாகத்தான் இருப்பார்கள் என்பதே அவர் எழுதியது. அன்று மாசசூசெட்ஸில் நிலவிய ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபின்படி, திருமணமான பெண்ணுக்குத் தனியான சட்ட ஆளுமை கிடையாது. அவள் சம்பாதிக்கும் காசும் கொண்டுவரும் பொருளும் கணவருடையவை. அவள் பெயரில் நிலம் இருந்தாலும் அதை ஆள்பவர் அவரே. அவர் சம்மதமின்றி அவளால் உயில்கூட எழுத முடியாது. அபிகேல் கை வைத்தது இந்த இடத்தில்தான். வாக்குரிமையைவிட இது சிறிய கோரிக்கை என்று யாரேனும் நினைத்தால், அந்தச் சட்டத்தின் கீழ் அன்றாடம் வாழ்ந்த பெண்ணின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஜான் ஆடம்ஸ் ஏப்ரல் 14ஆம் தேதி எழுதிய பதிலில், உன் விசித்திரமான சட்டத் தொகுப்பைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். கட்டுரை இதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் அபிகேல் நிறுத்தவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் எழுத்தாளரான தோழி மெர்சி ஓட்டிஸ் வாரனுக்கு எழுதி, பெண்களுக்காகக் காங்கிரஸுக்கு (அன்றைய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்கு) மனுக் கொடுக்க நீங்களும் என்னோடு சேருங்கள் என்று பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் கேட்டார். கணவரும் சிரித்துவிட்டு மறந்துவிடவில்லை என்றே தோன்றுகிறது. மே 26ஆம் தேதி ஜேம்ஸ் சலிவன் என்ற சட்ட அறிஞருக்கு எழுதியபோது, வாக்காளர் தகுதியில் கை வைத்தால் அதற்கு முடிவே இருக்காது, பெண்களும் வாக்குக் கேட்பார்கள் என்று அவரே எச்சரித்தார். மனைவி எழுதாத கோரிக்கையை அவர் மனம் எழுதிக்கொண்டது வேடிக்கைதான்.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத பகுதி பணம். வரலாற்று நாயகியரைப் பற்றி எழுதும்போது பணத்தைப் பேசுவது நம்மில் பலருக்கு அவ்வளவு கௌரவமாகத் தோன்றுவதில்லை. ஆனால் அபிகேலின் அறிவு முழுமையாக வெளிப்பட்டது அங்கேதான். 1775 ஜூனில், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரால் கப்பல் போக்குவரத்து முடங்கியிருந்த சமயத்தில், பிலடெல்பியாவிலிருந்த கணவருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு கட்டுக் குண்டூசி வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள் என்கிறார். ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இருபது ஷில்லிங்குக்கு ஏறிவிட்டது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்று காரணத்தையும் எழுதுகிறார். அதே மாதம் 17ஆம் தேதிதான் வீட்டருகே இருந்த குன்றின் மேல் ஏழு வயது மகன் ஜான் குவின்சியுடன் நின்று, பங்கர் ஹில் சண்டையில் சார்ல்ஸ்டவுன் நகரம் எரிவதைப் பார்த்தார். ஊர் எரியும் மாதத்திலும் குண்டூசி விலையைக் கவனித்திருந்த பெண் அவர்.

அந்தக் குண்டூசியிலிருந்து ஒரு வணிகமே வளர்ந்தது. 1778 முதல் ஜான் ஆடம்ஸ் ஐரோப்பாவில் இருந்தபோது, வீட்டுச் செலவுக்குப் பணமாக அனுப்புவதைவிடச் சரக்காக அனுப்புவதே லாபம் என்று அபிகேல் எழுதினார். கைக்குட்டை, துணி, ரிப்பன் முதலிய, எடை குறைந்து விலை மிகுந்த பொருள்கள் கடல் கடந்து வந்தன. உறவினர் மூலமும் நண்பர்கள் மூலமும் அவற்றை விற்றார். கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் சரக்கைப் பிடித்துவிடும் அபாயத்தையும் கணக்கில் சேர்த்தே, மூன்றில் ஒன்று வந்து சேர்ந்தாலும் எனக்கு லாபம்தான் என்று எழுதியிருக்கிறார். இது கணவருக்காக ஏங்கி அழும் மனைவியின் கடிதம் அன்று. (ஏங்கி எழுதிய கடிதங்களும் நிறைய உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான்.)

முதலீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஜான் ஆடம்ஸுக்கு மண்ணின் மீது தீராத ஆசை. கையில் காசு வந்தால் பக்கத்து வயலை வாங்கத் துடிப்பவர். அபிகேலுக்கோ அரசின் கடன் பத்திரங்களில் நம்பிக்கை. போர்வீரர்களுக்கும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் வழங்கப்பட்ட அந்தப் பத்திரங்கள் அப்போது முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் குறித்த தொகையில், ஒரு சிறு பங்குக்கே விலைபோயின. உறவினரான காட்டன் டஃப்ட்ஸ் மூலம் அவர் அவற்றை வாங்கச் செய்தார். 1790இல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி அரசு அந்தக் கடன்களைப் பொறுப்பேற்றபோது, அபிகேலின் கணக்குச் சரியாக இருந்தது. வறுமையால் மலிவாக விற்றுவிட்ட போர்வீரர்களின் நட்டம்தான் இப்படி வாங்கியவர்களின் லாபம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நிலத்திலும் அவர் ஒருமுறை துணிந்து இறங்கினார். 1782இல் கணவரின் சம்மதம் இல்லாமலே வெர்மான்டில் நிலம் வாங்கினார். "இனி வெர்மான்ட் விஷயத்தில் தலையிடாதே" என்று ஐரோப்பாவிலிருந்து பதில் வந்தது. சட்டத்தின் கண்ணில் தமக்கென்று ஒரு காசும் இல்லாத அந்தப் பெண், தாம் ஈட்டியதில் ஒரு பகுதியை "என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளும் பணம்" என்று கடிதத்தில் குறிப்பிட்டார்.

இந்தச் சொற்கள் எங்கே போய் முடிந்தன என்பதைத்தான் கட்டுரை கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். 1816 ஜனவரியில், எழுபத்தொரு வயதில், உடல்நலம் குன்றியிருந்த அபிகேல் தம் கைப்பட ஓர் உயில் எழுதினார். கணவர் உயிரோடு இருக்கிறார். மனைவிக்குச் சொத்தே கிடையாது என்கிறது சட்டம். இல்லாத சொத்துக்கு உயில் எப்படி? ஆனாலும் எழுதினார். மகன்கள் இருவருக்கும் பேருக்கு ஏதோ கொடுத்ததைத் தவிர, பணமும் உடைகளும் மற்றவையும் பேத்திகள், மருமகள்கள், உடன்பிறந்தோரின் பெண்கள், வீட்டில் வேலை செய்த பெண்கள் என்று பெண்களுக்கே போயின. 1818 அக்டோபர் 28ஆம் தேதி டைபாய்டு காய்ச்சலால் அவர் இறந்த பிறகு, நீதிமன்றத்தில் செல்லுபடியாகாத அந்தத் தாளை ஜான் ஆடம்ஸ் மதித்து நிறைவேற்றச் செய்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அவர் சிரித்த "சட்டத் தொகுப்பு" கடைசியில் அவர் வீட்டுக்குள்ளாவது அமலுக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் திருமணமான பெண்களின் சொத்துரிமைக்குச் சட்டம் இயற்றியது 1855இல்தான்.

கட்டி முடியாத வெள்ளை மாளிகையின் பெரிய அறையில் அபிகேல் துணி காயப்போட்ட கதையைக் கட்டுரையாளர் சுவையாகவே எழுதியிருக்கிறார். 1800 நவம்பரில் அங்கே குடியேறியபோது ஓர் அறைகூட முழுமையாக முடிந்திருக்கவில்லை, சுற்றிலும் காடு இருந்தும் விறகு கிடைக்கவில்லை என்று மகளுக்கு எழுதிய அதே கடிதத்தில், இதையெல்லாம் உன்னோடு வைத்துக்கொள், யாராவது கேட்டால் வீடு அழகான இடத்தில் அமைந்திருக்கிறது என்று சொல் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியையும் சேர்த்திருந்தால் கதை இன்னும் சுவைத்திருக்கும்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டியிருப்பதும் சரியன்று. 1797 பிப்ரவரியில், அவர் வீட்டில் வேலை செய்த ஜேம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவனை மாலைப் பள்ளிக்கு அனுப்பியதற்கு அண்டை வீட்டார் ஒருவர் வந்து ஆட்சேபித்தபோது, முகம் கறுப்பு என்பதற்காக மட்டும் அவனுக்குக் கல்வியை மறுப்பதா, அவன் பிழைப்பு நடத்துவது எப்படி என்று கேட்டார். எதிர்ப்பவர்களிடம், நாம் எல்லோரும் ஒன்றாகவே சொர்க்கத்துக்குப் போவோம் என்று நம்புவதாகச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அதே அபிகேல்தான், அடுத்த ஆண்டு அரசை விமர்சிக்கும் பத்திரிகையாளர்களுக்கு 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதித்த தேசத்துரோகச் சட்டத்தை மனமார ஆதரித்தார். கணவரை ஏசிய பத்திரிகைகளை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இதை நான் விட்டுவிட்டால் அது முறையாகாது. அவருக்கு அரசியலில் இருந்த செல்வாக்கை எதிர்க்கட்சியினர் நன்றாகவே அறிந்திருந்தனர். அவர்களில் ஒருவரான ஆல்பர்ட் கலட்டின் அவரை "அதிபர் அம்மையார்" என்று குறிப்பிட்டு, நாட்டுக்கல்ல, ஒரு கோஷ்டிக்கு என்று குத்தலாக எழுதினார்.

கடைசியாக இரண்டு பிழைகள். அபிகேல் பள்ளியில் படித்தவர் என்று கட்டுரை சொல்கிறது. வேமவுத் ஊரின் பாதிரியாரின் மகளான அவர் எந்தப் பள்ளிக்கும் சென்றதில்லை. வீட்டுப் புத்தகங்களே அவருக்குப் பள்ளி, தம் எழுத்துப் பிழைகளுக்காகக் கடைசிவரை கூச்சப்பட்டார். கடிதங்களை எரித்துவிடும்படி கணவரிடம் கேட்டதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். நல்லவேளையாக அவர் எரிக்கவில்லை, இருவருக்கும் இடையிலான 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டாவது, தம் மகன் ஜான் குவின்சி அதிபராவதை அவர் கண்குளிரக் கண்டதாக எழுதியிருப்பது. மகன் பதவியேற்றது 1825 மார்ச்சில். தாய் இறந்து அப்போது ஆறாண்டுகள் கடந்திருந்தன. பிள்ளைகள் இத்தகைய கட்டுரைகளைப் பள்ளிப் பயிற்சிக்காக வெட்டி ஒட்டி வைக்கிறார்கள் என்பதால், இவ்விரண்டுக்கேனும் வரும் ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்