ஆஸ்பிரினை நிறுத்திவிடாதே

மக்களே,

கர்ப்பமாக இருக்கிற எனக்குக் காய்ச்சலே இல்லாமல் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற ரத்தச் சோதனை) ஏன் கூடுதலாக வந்தது, மாரடைப்புக்காரர்களுக்குக் கொடுக்கிற ஆஸ்பிரின் எனக்கு எதற்கு என்று போனில் கேட்டாய். இரண்டுக்கும் பதில் நஞ்சுக்கொடியில்தான் (பிளசென்டா) இருக்கிறது.

நஞ்சுக்கொடியில் பாதி மருமகன் வழி வந்தது. உன் உடம்புக்கு அது அந்நியம். இருந்தும் கருப்பையிலுள்ள நோய் எதிர்ப்பு செல்கள் அதை விரட்டாமல் இடம் கொடுக்கின்றன. முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்கே ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளை அகலமாக்கும். வாய்க்காலை வெட்டி ஆறாக்குகிற வேலை. அது பாதியில் நின்றால் ரத்தம் ஒடுக்கமான குழாயில் சீறிப் பாயும். வாடுகிற நஞ்சுக்கொடி தன் துகள்களையும் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தையும் உன் ரத்தத்தில் கொட்டும். வெள்ளணுக்கள் உசுப்பப்பட்டு அழற்சி உண்டாகி, ரத்தக் குழாய்களின் உள்சவ்வு கெடும். பிரஷர் கூடுவது, சிறுநீரில் புரதம், ஈரல் வலி, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைவது எல்லாம் அந்தச் சவ்வு கெட்டதன் வேறு வேறு முகங்கள். இதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா.

சாதாரண கர்ப்பத்திலேயே இந்த அழற்சி கொஞ்சம் உண்டு, அது எல்லை மீறுவதே ப்ரீஎக்ளாம்ப்சியா என்று ஆக்ஸ்ஃபோர்டின் ரெட்மனும் சார்ஜென்டும் 1999-ல் எழுதினார்கள். ஆகவே சிஆர்பி சற்றுக் கூடியதை மட்டும் வைத்துப் பயப்படாதே. கிருமித் தொற்று இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கவும் வேண்டாம்.

ஆஸ்பிரின் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது; இந்த நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான் உனக்கு அது. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மி.கி., 36 வாரம் வரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கிற வகை ப்ரீஎக்ளாம்ப்சியா, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு வந்தது, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. உன் டாக்டர் எழுதிய அளவை மாற்றாதே. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதே. அழற்சிக்குத்தானே என்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகாதே. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்காதே, இரண்டு மணி நேரம் இடைவெளி விடு.

கால் வீங்கினால் இங்கே எல்லோரும் உப்பைக் குறை, பார்லி குடி, நெருஞ்சில் கஷாயம் வை என்பார்கள். கேட்டியா, இந்த நோயில் நீர் குழாயிலிருந்து கசிந்து சதைக்குப் போய்விடுகிறது. குழாய்க்குள் ஏற்கெனவே ரத்தம் குறைவு. நீரைப் பிரித்து வெளியேற்றினால் இன்னும் வற்றும். கருவாட்டையும் உப்பிலிட்ட மாங்காயையும் அளவாகத் தின்றால் போதும், அடியோடு விலக்க வேண்டாம்.

20 வாரத்திலிருந்து பிரஷரைக் குறித்து வை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்கணும். கைப்பட்டை சிறிதானால் அளவு கூடுதலாகக் காட்டும். 140/90 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லு. 160/110 வந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி பார். குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் பிரஷர் சரியாக இருந்தாலும் போ. அந்த விலா வலியைத்தான் பலரும் கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறார்கள்.

பிரசவம் முடிந்ததும் எல்லாம் தீர்ந்தது என்றில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் உச்சத்துக்கு ஏறலாம், வலிப்பும் வரலாம். அப்போதுதான் இங்கே லேகியம், வேதுக்குளி என்று வீடு பரபரப்பாக இருக்கும். பிரஷர் பார்க்க யாருக்கும் நினைவு வராது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டிவந்தால் அங்குள்ள டாக்டருக்கு உன் பழைய அளவுகள் தெரியணும். பேறுகாலத்துக்கு வரும்போது பிரஷர் பார்க்கிற கருவியையும் குறிப்பு நோட்டையும் பெட்டியின் மேல்பக்கத்தில் வைத்து எடுத்து வா.

அம்மா