வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கிடங்கை நாங்கள் இடிக்கவில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில், பழைய மல்லாட்டைக் (நிலக்கடலை) கிடங்கில் இருக்கும் நம் கடையின் கூரை பிரிந்து கிடக்கும் படம் ஒன்று பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "பழைய மல்லாட்டைக் கிடங்கை இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டுகிறார்கள், தேக்குக் கட்டைகளை விற்றுவிட்டார்கள்" என்று கூடவே ஒரு செய்தி. பலர் நேரில் வந்தே கேட்டீர்கள். அதற்கு நன்றி.

இடிக்கவில்லை. தளத்தைப் பிரித்து, இருந்த மாதிரியே திரும்பப் போடுகிறோம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் விரிசல் விட்ட மெட்ராஸ் டெரஸ் அது; தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய காலத்துத் தளம். ஒவ்வொரு மழைக்கும் மேலே சிமெண்ட் பூசி ஒப்பேற்றினோம். அது எங்கள் தப்புதான். சுண்ணாம்புத் தளத்தில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. உள்ளே இறங்கிய ஈரமும் வெளியேறாது. பார்வைக்கு வைரம் பாய்ந்த கட்டை, சுவருக்குள் இருந்த முனையில் விரலை வைத்தால் பொடியாக உதிர்ந்தது. அப்படி நான்கு கட்டைகள். நான்கும் பின்கட்டில்தான் கிடக்கின்றன, வந்து எண்ணிப் பாருங்கள். ஒன்றைக்கூட விற்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து சோறு போட்ட இடத்தின் மரத்தை நாங்கள் விற்போமா?

காங்கிரீட் போட்டிருந்தால் எப்போதோ வேலை முடிந்திருக்கும். இது அப்படியல்ல. கட்டைகள் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்க வேண்டும். அதன்மேல் செங்கல் ஜல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்ட வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பதே அரிது. கூலியும் அதற்கேற்றபடிதான்.

கடலூர் என்றால் 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியதையும், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை எல்லை பிடித்ததையும் சொல்வார்கள். சரி, அதுவும் நம் ஊர்க் கதைதான். ஆனால் எங்கள் குடும்பம் பார்த்தது மல்லாட்டைக் கடலூர். மணிலாக் கொட்டை நம் வாயில் மல்லாட்டை ஆகி, வண்டி வண்டியாக வந்து இறங்கிய காலம். கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகள் படகில் போகும். அப்படிப் போவதற்கு முன் அவை அடுக்கி நின்ற இடம் இது. தராசு தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. கீழே சுவரில் ஐந்தைந்தாக மூட்டைக் கணக்குக் கரிக்கோடுகள். வெள்ளையடிக்கும்போது அந்த இரண்டு முழத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார் அப்பா. நாங்களும் விட்டுத்தான் அடிக்கிறோம்.

2015 வெள்ளத்தில் கணக்கு நோட்டு நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோனது. அப்போது பாக்கியை நீங்களே நினைவு வைத்து, தேடி வந்து கொடுத்தீர்கள். அதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு வலித்தது.

வேலை முடியும்வரை சந்துப்பக்க வாசலில் வாருங்கள். செக்கு எண்ணெய் ஒன்றாம் தேதியிலிருந்து லிட்டருக்கு 20 ரூபாய் கூடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தளம் தட்டும் வேலை அடுத்த வாரம் ஆரம்பம். காலையில் வந்தால் பார்க்கலாம், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கடலூர் முதுநகர்